ஆசையே இல்லாத மூளை

திரையில் கோடு அசையவே இல்லை. சத்யா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு கும்பிட்டும் பார்த்தாள்.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் மனோதத்துவ ஆராய்ச்சி செய்பவள் அவள். கலகலப்பான ஆட்களுக்குப் பரிசு கிடைத்தால் மூளை துள்ளும், அமைதியான ஆட்களுக்கு அவ்வளவாகத் துள்ளாது என்பது அவள் கட்சி. கலகலப்பு வரிசையில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. இன்றைக்குள் அதை முடித்தால் பட்டம். இல்லாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் அம்போ.

அதற்காகவே அரியலூர் பஸ் கண்டக்டர் சிங்காரவேலுவைப் பிடித்து வந்திருந்தாள். மனிதர் ஒரு டிக்கெட் கொடுப்பதற்குள் ரெண்டு குடும்பச் சண்டையைத் தீர்த்து வைப்பவர். மூளையின் துள்ளலைத் திரையில் கோடாகக் காட்டும், ஒயர்கள் தொங்கும் தொப்பியை அவள் மாட்டிவிட்டபோதே அவர் எச்சரித்துவிட்டார்.

"பசை கிசை தடவிராதீங்க மேடம். சாயங்காலம் ஜெயங்கொண்டத்துல மச்சினனுக்கு நிச்சயதார்த்தம். போட்டோ எடுப்பாங்க."

"சரிங்க சார். ஒயரு மண்டையில பட்டாலே போதும்."

காடு மாதிரி அடர்ந்திருந்த அந்த முடியைக் கெடுக்க அவளுக்கும் மனசு வரவில்லை.

கம்ப்யூட்டரில் பரிசு விளையாட்டு தொடங்கியது; அவர் பொத்தானை அழுத்தினார். எவர்சில்வர் டம்ளர் பரிசாக விழுந்தது.

"அடி சக்கை!" என்று நாற்காலியோடு துள்ளினார் சிங்காரவேலு. கோடு துள்ளவில்லை.

பரிசு சின்னது போலிருக்கிறது என்று நினைத்த சத்யா, தன் டிபன் கேரியரைப் புளிசாதத்தோடு வைத்தாள். அவர் விசில் அடித்தார். கோடு படுத்தே கிடந்தது. ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை நிறுத்தி அதையும் வைத்தாள். "இதுவும் எனக்கா!" என்று அவர் கண் கலங்கினார். கடைசியில் அம்மாவுக்காக வாங்கி வைத்திருந்த குக்கரும் பறிபோனது.

ஃபேன் இல்லாத அறையில் இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. எங்கிருந்தோ சந்தன வாசனை வேறு.

"கோயிலுக்குப் போனீங்களா சார்?"

"திங்கக்கிழமை சிறுவாச்சூர் போயிட்டு வந்தோம் மேடம். ஆத்தா ஒடனே குடுத்துட்டா பாருங்க, குக்கரு!"

சத்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் பேராசிரியர் அன்பழகனுக்குப் போன் செய்தாள். ஓடி வந்தவர் கோட்டைப் பார்த்தார். குக்கரை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்த சிங்காரவேலுவையும் பார்த்தார்.

"உன் கட்சி தோத்தா தோத்துட்டுப் போவுதும்மா! வெளிய இம்புட்டு ஆட்டம், உள்ள பரம சாந்தம். இது ஞானியோட மூளை!"

யாரோ தனக்குப் போர்த்திய சால்வையை அலமாரியிலிருந்து எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

"ஐயோ, சால்வையுமா!"

கோடு அப்போதும் அசையவில்லை. அன்பழகன் கையெடுத்துக் கும்பிட்டார். சத்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்குப் புதுத் தலைப்பே டைப் அடிக்கத் தொடங்கிவிட்டாள்.

அப்போது வெளியில் காத்திருந்த சிங்காரவேலுவின் மனைவி மருதாயி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"நேரமாவுதுங்க, கெளம்புங்க," என்றவள், சத்யாவிடம் திரும்பிக் கெஞ்சினாள். "மேடம், தொப்பிய மட்டும் பாத்து மெதுவா கழட்டுங்க. மொட்டைய மறைக்க வச்சிருக்கற டோப்பா, வாடகைக்கு எடுத்தது."