வால் சார் தப்பாகப் போட்ட வால்

வீடு கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், சீட்டு கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சொந்தமாக ஒரு பாஷையே கட்டியவர் எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் வால் சார் ஒருவர்தான்.

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். அவரும் நானும் அறிவியல் வாத்தியாரும் ஒரே வாடகை வீட்டில் குடியிருந்தோம். அவருடைய பாஷையில் எந்த வினைச்சொல்லுக்கும் பின்னால் ஒரு வால் ஒட்டவேண்டும். கண்ணால் பார்த்த சங்கதி என்றால் 'ணா'. பிறர் சொல்லிக் கேட்டது என்றால் 'தூ'. ஊகத்துக்கு 'லோ'. நடக்கட்டும் என்ற ஆசைக்கு 'மி'. வால் இல்லாத வாக்கியம் அவர் காதில் ஏறாது.

"தமிழ்லயே 'வந்தாராம், போனாராம்'னு ஒரு 'ஆம்' இருக்கே சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்குது. போட்டா போடு, போடாட்டி போன்னு வுட்டுட்டாங்களே! ஊர்ல பாதி சண்டை அதனாலதான்."

தப்பான வால் போட்டவர் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் ஒருநாளும் தேய்த்ததில்லை. "சாம்பார் ஊசிடுச்சு ணா" என்று நான் சொன்னபோது, "பாத்தியா, மோந்தியா?" என்று பிடித்துக்கொண்டார். மூக்குக்கு அதுவரை வால் கிடையாது. அப்போதே ஒன்று உண்டாக்கினார். ஆனாலும் அண்டாவை நான்தான் தேய்த்தேன்.

"மொதல்ல துன்னுங்க. அப்பறமா வால ஆட்டுங்க" என்பாள், எங்களுக்குச் சமைத்துப்போட்ட பச்சையம்மா. மலைக்காரி. கேட்டுக் கேட்டே எல்லா வாலும் அவளுக்கும் அத்துப்படி.

ஒரு மழைக்கால சாயங்காலம். போளூரில் படிக்கும் அவள் மகள் செல்வி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். போனில் சிக்னல் இல்லை. திடீரென்று டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"போளூர் பஸ்சு கவுந்துடுச்சு!"

பச்சையம்மா போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. வால் சார் ஒவ்வொருவரையும் பிடித்து, "நீ பாத்தியா?" என்று கேட்டார். டீக்கடைக்காரரிடம் வேன் டிரைவர் சொன்னாராம். டிரைவரிடம் யாரோ சொன்னார்களாம். அத்தனை பேரும் 'கவுந்துடுச்சு' என்றார்களே தவிர, ஒருவர் வாயிலும் அந்த 'ஆம்' வரவில்லை.

"இன்னா சார், உசுரு போற நேரத்துல இலக்கணம் பேசிக்கினு கீறே!" என்று ஒருவர் பாய்ந்தார். எனக்கும் எரிச்சல்தான்.

பச்சையம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லு சார். எம் பொண்ணு இருக்குதா?"

அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்குதும்மா. ணா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்களோடேயே நின்ற மனிதர் எங்கே பார்த்தார்? அது பச்சையம்மாவுக்கும் தெரியும். ஆனால் அவர் ஒருபோதும் தப்பு வால் போட்டதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அழுகையை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கொட்டும் மழையில் மலைப்பாதையில் இறங்கினார்.

திரும்பி வந்தபோது பின்னால் செல்வி, இருவரும் தொப்பலாக. பஸ் கவிழவே இல்லை. ரோட்டில் மரம் சாய்ந்து பஸ் நின்றுவிட்டது. உள்ளே எல்லோரும் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்களாம்.

தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வால் சார் நேராகக் கொல்லைப்பக்கம் போய்ப் பாத்திரங்களை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா சார் இது? வுடு சார்!" என்று பச்சையம்மா குண்டானைப் பிடுங்கப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"சொன்னப்ப நான் பாக்கலியேம்மா. அப்பறம் போயி பாத்தது கணக்குல வராது."

"'மி' போட்டிருக்கலாமே சார், ஆசைதானே அது?" என்றேன் நான்.

"போட்டிருக்கலாம்" என்றார், தலை நிமிராமல் தேய்த்தபடி. "வெறும் ஆசைன்னு சொல்லியிருந்தா இந்தம்மா தாங்கியிருக்குமா?"

செல்விக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர் சொன்னதற்கு என்ன பெயர் என்று இன்றைக்கும் சில சமயம் யோசிப்பேன். மாற்றலாகி ஒடுகத்தூர் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. கேள்விதான் என்பதால் 'தூ'.

ஆனால் வால் சார் நல்ல மனிதர். ணா.