முடிக்கத் தெரியாமல் வாசித்த பாட்டு

ஒரு பாட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது என்று நம்பி ஏமாந்தவன் நான். அது என் விரல்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது என்பது நாற்பத்திரண்டு வயதில், எண்பது பேர் முன்னிலையில் புரிந்தது.

அப்போது வியட்நாமின் சைகோனில், டான் சோன் நாட் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் எனக்கு வேலை. ஒன்பது வயது மகள் மீராவை பியானோ வகுப்பில் சேர்த்தோம். கூடப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் சேர்ந்தேன். (எனக்கு அடுத்த மூத்த மாணவிக்குப் பதினொரு வயது.)

ஆண்டு நிகழ்ச்சியில் நோட்ஸ் பார்க்காமல் வாசிக்க வேண்டும் என்றார்கள். மீரா மாட்டவே மாட்டேன் என்று அழுதாள்.

"மறந்துட்டா எல்லாரும் சிரிப்பாங்கப்பா."

"அப்பா முதல்ல வாசிக்கிறேன். பார்த்துட்டு முடிவு பண்ணு," என்றேன். என்ன வீரம்!

ஹோவா டீச்சர் எச்சரிக்காமல் இல்லை. ஒரு நாள், "நடுவிலிருந்து வாசியுங்கள்" என்றார். வரவில்லை.

"முதலிலிருந்து வாசித்தால் தானாக வந்துவிடும், டீச்சர்."

"வராவிட்டால்?"

சிரித்து மழுப்பினேன்.

அந்தப் பாட்டில் ஒரு வரி உண்டு. முதல் முறை அதை வாசித்ததும் ஆரம்பத்துக்குத் திரும்ப வேண்டும்; இரண்டாம் முறை முடிவுக்குப் போக வேண்டும். மேடையில் இரண்டாம் முறையும் விரல்கள் ஆரம்பத்துக்கே திரும்பின. சரி, அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். மூன்றாம் முறையும் அதேதான். பட்டு ஜிப்பா முதுகில் ஒட்டிக்கொண்டது. நான்காம் சுற்றில் முன்வரிசையில் யாரோ "போன்" என்றார்கள். வியட்நாமிய மொழியில் நான்கு. எண்ணுகிறார்கள்!

அப்போது பக்கத்தில் ஒரு குரல்: "அப்பா, தள்ளிக்கோங்க."

மீரா. மூன்று மாதமாக வீட்டில் என் அட்டகாசத்தைக் கேட்டுக்கேட்டே அவளுக்கு முடிவு பாடமாகியிருந்தது. அந்த வரி வந்ததும் நின்றபடியே கையை நீட்டிக் கடைசி இரண்டு வரிகளை வாசித்து முடித்தாள். அரங்கம் சிரித்தது, கைதட்டியது.

நான் எழுந்தேன். அவள் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்! தன் பாட்டைத் தொடங்கினாள். பாதியில் அவளுக்கும் மறந்தது. ஒரு கணம் நின்றாள். டீச்சர் பழக்கியபடி அடுத்த வரியிலிருந்து பிடித்துக்கொண்டு முடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி செல்வி எடுத்த வீடியோவில், மேடை ஓரத்தில் நின்று ஜிப்பாக் கையால் மூக்கைத் துடைத்துக்கொள்பவன் நான்தான்.

இப்போது மீரா கல்லூரியில் படிக்கிறாள். விருந்தாளிகளிடம் நான் என் பழங்கதை எதையாவது ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தால் போதும், சமையலறையிலிருந்து செல்வி குரல் கொடுப்பாள்:

"மீரா, உங்கப்பாவைத் தள்ளிக்கச் சொல்லு!"