பொறுப்புள்ள அதிகாரியின் பராமரிப்பில்

தாய்மார்கள் வேலைக்குப் போனால் நாடு முன்னேறும் என்று அரசாங்கம் கண்டுபிடித்திருந்த காலம் அது. சத்தியவேடு பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருப்பதி வந்த நளினியும் தன்னால் முடிந்த அளவு நாட்டை முன்னேற்றினாள். தினமும் காலையில் துணி கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். புருஷன் திருமலை ஆட்டோ ஓட்டினான். இரண்டு வயசு மகன் யஸ்வந்த் மட்டும் நாட்டுக்கு எந்த விதத்திலும் உதவாமல் இருந்தான்.

அவனைப் பிளே ஸ்கூலில் சேர்த்திருந்தார்கள். ஒண்ணுக்கு வருது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அங்கே கழுத்தில் டை கட்டினார்கள். டைக்குத் தனிக் கட்டணம். நளினியின் சம்பளத்தில் பாதி அங்கேயே போயிற்று. பீஸ் இன்னும் ஏறியதும் பையனை நிறுத்திவிட்டார்கள். திருமலை சில நாள் அவனை ஆட்டோவில் வைத்துக்கொண்டு சுற்றினான். அழுகிற பிள்ளையோடு சவாரி போக யாரும் ஏறவில்லை.

அப்போதுதான் வேலைக்குப் போகும் தாய்மாருக்குப் பிள்ளை வளர்ப்பு உதவித்தொகை தருகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. நளினி லீவு போட்டுவிட்டு அந்த ஆபீசுக்குப் போனாள். அதிகாரி நாகபூஷணம் கனிவானவர், விதிமுறைகளிடம் மட்டும்.

"பையனை யாரு பாத்துக்கறது?"

"நான்தான் சார், இடுப்புல வெச்சிக்கினு நிக்கறேனே."

"அப்ப பாத்துக்க ஆள் இருக்குது. உதவி கெடையாது."

"நான் கம்பெனிக்குப் போய்ட்டா யாரும் இல்ல சார்."

"பிள்ளைய தனியா விட்டா குத்தம்மா. கேஸ் ஆயிடும்."

"அப்ப இன்னாதான் சார் பண்றது?"

"பாத்துக்க ஆளும் இருக்கக்கூடாது, பிள்ளை தனியாவும் இருக்கக்கூடாது. திங்கக்கெழமை விசாரணைக்கு வரேன். அந்த நெலமையில வெச்சிரு."

புருஷனும் பெண்டாட்டியும் ஞாயிறு முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டார்கள். யஸ்வந்தை வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகத் தெருவில் நின்று, பார்க்காத மாதிரி பார்ப்பது என்று முடிவாயிற்று. நாகபூஷணம் வந்து சேர்ந்ததும் யஸ்வந்த் படியிறங்கி, எதிரே வந்த பால் வண்டியைப் பார்த்து ஓடினான். பெற்றவர்கள் பாய்வதற்குள் அதிகாரியே அவனை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். அப்படியே நின்று அறிக்கையும் எழுதினார்: 'விசாரணையின்போது மேற்படி குழந்தை பொறுப்புள்ள அரசு அதிகாரியின் பராமரிப்பில் இருப்பது நேரில் கண்டறியப்பட்டது. ஆகவே உதவி தேவையில்லை.'

நளினிக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. நாளைக்கு வராவிட்டால் வேலை இல்லை என்று கம்பெனியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை யஸ்வந்தைக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜைமேல் உட்கார வைத்தாள்.

"இன்னாம்மா இது?"

"உங்க பராமரிப்புல இருக்கான்னு நீங்கதானே சார் எழுதினீங்க? சாயங்காலம் வந்து இட்டுக்கினு போறேன். பருப்பு சோறுன்னா துன்னுவான்."

தான் எழுதிய அறிக்கையைத் தானே மறுக்க விதியில் இடமில்லை. சேதி ஊரெல்லாம் பரவி, உதவி மறுக்கப்பட்ட தாய்மார்கள் எல்லோரும் பிள்ளைகளோடு வந்துவிட்டார்கள். குமாஸ்தாக்கள் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டார்கள், தூளி ஆட்டினார்கள். நாகபூஷணத்தின் டீச்சர் மருமகளும் தன் பெண்ணைக் கொண்டுவந்து விட்டாள். மாமனாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதனால் மனு வாங்க ஆபீசில் ஆளில்லாமல் போயிற்று. ஒரு மனுவும் வராததைக் கண்ட மேலிடம், தாய்மார்களின் கஷ்டம் அடியோடு தீர்ந்ததென்று மகிழ்ந்து நாகபூஷணத்துக்குப் பாராட்டு அனுப்பியது. கூடவே, இனித் தேவையில்லாத அந்த ஆபீசை மூடும்படி உத்தரவும் அனுப்பியது.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் நளினி பையனை அழைக்கப் போனபோது நாகபூஷணம் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பையனை எங்கம்மா விடப்போறே?"

மனுஷருக்கும் நெஞ்சில் ஈரம் இருக்கிறது என்று நளினி நெகிழ்ந்துபோனாள். "தெரியல சார்."

"எங்கன்னா எடம் கெடைச்சா எனக்கும் சொல்லு," என்றார் அவர். "மருமகளுக்கு லீவு இல்ல. என்னை நெல்லூருக்கு மாத்திட்டாங்க."