ட்ரெவர்-சானின் கடைசி மூட்டை

மனிதகுலம் நாகரிகத்தின் உச்சியை எட்டிவிட்டது என்பதையும், அந்த உச்சி ஜப்பானின் கோபே நகரில் எங்கள் மேட்டுத் தெருவில்தான் இருக்கிறது என்பதையும், மேற்படி தெருவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் குவாபாரா ஆகிய நான் பணிவன்புடன் அறிவிக்கிறேன்.

ஆதாரம்: ட்ரெவர்-சான், அதாவது திரு. ட்ரெவர். வேல்ஸ்காரர். பதினோரு வருடம் எங்கள் தெருவில் குடியிருந்தார். எங்கள் மொழியை வானொலி அறிவிப்பாளர் மாதிரி பேசுவார். ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. ஆகவே எந்த வகைக் குப்பையை எந்தக் கிழமை வைக்கவேண்டும் என்று சொல்லும் தெருமுனை அறிவிப்புப் பலகையும் அவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்துகொண்டதில்லை. மீன் முள், பீர் பாட்டில், தீர்ந்த பேட்டரி எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, மனசுக்குத் தோன்றிய கிழமையில் முனையில் வைப்பார். குப்பை வண்டி அதைத் தொடாது.

நாங்கள் முகம் கோணினோமா? கிடையாது. 'பன்னாட்டு நல்லிணக்க உபகுழு' அமைத்தோம். முறைவைத்துக் கையுறை மாட்டி, மூட்டையைப் பிரித்து, வகைவாரியாக வீட்டுக்கு எடுத்துப்போய், உரிய கிழமையில் போட்டோம். பக்கத்துத் தெருச் சங்கங்கள் ஆள் வராமல் மூடப்பட்டன. எங்கள் சங்கத்தில் வருகை அமோகம். மனைவி இறந்த பிறகு, எங்கள் மூத்த உறுப்பினர் டொக்குனாகா-சானுக்குப் பேச்சுத்துணை கிடைத்ததே அந்த மூட்டையடியில்தான்.

அப்படிப்பட்டவர் ஊருக்குத் திரும்புகிறார் என்றதும் தலைவி இசொகாய் அம்மாள் அவசரக் கூட்டம் போட்டார்.

"அவர் போயிட்டா நாம எதுக்குக் கூடுறது?"

"பூந்தொட்டிப் போட்டி வைக்கலாம்," என்றேன்.

"போன தடவை ரெண்டு பேர் வந்தாங்க. அதுல ஒருத்தர் நீங்க."

பிரிவுபசார விழாவில் ட்ரெவர்-சான் எழுந்து தம் அயல்நாட்டு வாழ்வைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்புமிக்க அயலாரே, அதிகாலையில் நீங்கள் தெருமுனையில் கூடிச் சிரிப்பதைச் சன்னல் வழியே காண்பேன். நான் இறங்கி வந்தால் சிரிப்பு நின்றுவிடும், எல்லோரும் தலைவணங்குவீர்கள். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துத் திட்டுவார். திட்டினால்தான் நாம் அந்தத் தெருக்காரர். இங்கே ஒருவரும் என்னை ஒரு சொல் திட்டவில்லை. நான் இன்னும் விருந்தாளிதான். ஆகவே போகிறேன். என்மீது ஒரேயொரு குறை சொல்லுங்கள், பயணச்சீட்டை இங்கேயே கிழித்துவிடுகிறேன்."

இசொகாய் அம்மாள் டொக்குனாகா-சானை விலாவில் இடித்தார்.

"சொல்லுங்களேன். நீங்கதானே மூத்தவர்."

"தலைவி இருக்கறப்ப நான் பேசினா நல்லாவா இருக்கும்? செயலாளர் சொல்லட்டும்."

நிகழ்ச்சிநிரலில் அப்படி எதுவும் இல்லை என்று தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தபடி தெரிவித்தேன்.

கடைசியில் டொக்குனாகா-சான் எழுந்தார். "ஒரே ஒரு குறை, ட்ரெவர்-சான்."

மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"நீங்க வந்து... முன்னைக்கு இப்ப ரொம்ப மெலிஞ்சிட்டீங்க. ஒடம்பப் பாத்துக்குங்க."

பலத்த கைதட்டல். நாகரிகம் காப்பாற்றப்பட்டது.

மறுநாள் காலை தெருவே வரிசையாக நின்று, இடுப்பை வளைத்து வணங்கி, டாக்ஸியை வழியனுப்பியது. முனையில் கடைசி மூட்டை இருந்தது. கையுறை மாட்டினோம். பீர் பாட்டிலுக்குள்ளிருந்து டொக்குனாகா-சான் ஒரு மீன் முள்ளை இழுத்தார்.

"மடப்பயலே, பதினோரு வருஷமா இதே வேலையா? பாட்டிலுக்குள்ள எவனாவது முள்ளத் திணிப்பானா?" என்று தெருவே அதிரும்படி திட்டினார். குரல் உடைந்திருந்தது.

திட்டுவதற்கு முன், டாக்ஸி போய்விட்டதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.