எதிர்க்கடைக்குப் போய்த் திரும்பியவர்

அன்பும், அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் பயமும் கலந்த வணக்கத்துடன் அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உன் மகன் நலமோ நலம். அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நம் சலவைக் கடையில் கறை எடுக்கும் மாஸ்டரை உனக்கு நினைவிருக்கும். சட்டையை முகர்ந்து பார்த்தே என்ன கறை என்று சொல்லிவிடுவார். சொல்லக் கூடாத இடத்திலும் சொல்லிவிடுவார். ஒரு வாடிக்கைக்காரரின் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே, "சார், இது சாஸ் இல்ல, லிப்ஸ்டிக்" என்றார். அந்தக் குடும்பம் இப்போது துணிகளை இரண்டு பைகளில் தனித்தனியாகக் கொண்டுவந்து போடுகிறது. போன வருடம் மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்று எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் முற்றி, கோபித்துக்கொண்டு எதிர்க்கடையில் போய்ச் சேர்ந்தார். போனவர் போனவர்தான், இனி இந்தப் படியை மிதிக்கக் கூடாது என்று நானும் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். கறை எடுக்கும் மேசைக்கு ஒரு ஆள் போதும். அந்த இடத்துக்குத்தான் நீ, "படிச்சிட்டுச் சும்மா இருக்கான், நீ பாத்துக்கடா" என்று உன் மகனை அனுப்பி வைத்தாய். நீ சொன்னதை நான் எந்தக் காலத்தில் தட்டியிருக்கிறேன்?

பையன் தங்கம், அக்கா. எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆனால் ஒரு வீட்டுச் சோபா உறையில் காபிக் கறையை எடுக்கச் சொன்னால், கறையோடு அதிலிருந்த பூக்களையும் எடுத்துவிட்டான். அந்த அம்மா பூ எங்கே என்று கேட்டதற்கு, "அதுவும் கறைன்னு நெனச்சேன் ஆன்ட்டி" என்றான், சிரித்த முகத்தோடு. பல் டாக்டரின் பேன்ட்டை வங்கி மேனேஜருக்கும் மேனேஜரின் பேன்ட்டை டாக்டருக்கும் கொடுத்தனுப்பியதில், உயரமான மேனேஜர் கணுக்கால் தெரிய அன்று முழுவதும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். கடையை நவீனமாக்குகிறேன் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் 'உங்கள் துணி தயார்' என்று செல்போனில் செய்தி அனுப்பினான். இன்னும் ஊறிக்கொண்டிருந்த துணியைக் கேட்டுத் தெருமுனைவரை கூட்டம். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று நானும் இரண்டு முறை அதட்டிப் பார்த்தேன். "சரி மாமா" என்பான். அதற்குமேல் எப்படித் திட்டுவது? வாடிக்கை பாதியாகிவிட்டது, அக்கா. இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் போன வாரம் மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். "என்ன, அங்க ஏசி இருக்காமே?" என்றேன் குத்தலாக. "ஏசி இருக்குது முதலாளி. சண்டை போட ஆள் இல்ல. எது சொன்னாலும் ஓகே சார், ஓகே சார்ங்கிறானுங்க. மனுஷன் எப்படி வேலை செய்யறது?" என்றார். அவர் போனதிலிருந்து மின்விசிறி முழுக்க என் பக்கம்தான் இருந்தது, ஒரு நாளும் எனக்குக் காற்று வந்த மாதிரி இல்லை. வீறாப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே சம்பளத்தையும் கூட்டிச் சேர்த்துக்கொண்டேன். இஸ்திரி போடுகிறவர்கள், "ஓடிப்போனவருக்குச் சம்பள உயர்வா?" என்று முணுமுணுத்தார்கள். "வெளிய போய்ட்டு வந்தவருக்குத்தான்யா இந்தக் கடையோட அருமை தெரியும்! அப்படிப்பட்டவங்களை வாசல்ல நிக்க வைக்கக் கூடாது" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். முதலில் கைதட்டியது உன் மகன்தான்.

இப்போது ஒரு மேசை, இரண்டு ஆள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள்; எனக்கோ அவனைப் போகச் சொல்ல வாயே வரமாட்டேன் என்கிறது. அதனால் நீயே ஒரு போன் போட்டு, "உன்னைப் பார்க்காம இருக்க முடியலடா, வந்துடு" என்று சொல்லிக் கூப்பிட்டுக்கொள். நான் சொன்னதாக மட்டும் வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம். நீ எங்கிருந்தாலும் உன் கை என் தலைமேல் ஆசீர்வாதமாக இருக்கட்டும், குட்டாமல்.

இப்படிக்கு,
உன் சொல்லைத் தட்டாத தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் மகனே வந்து, "மாஸ்டருக்கு நான் இடைஞ்சலா இருக்க வேண்டாம் மாமா, எதிர்க்கடையில சேர்ந்துட்டேன்" என்றான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று பூரித்துப்போனேன். மத்தியானத்துக்குள் எதிர்க்கடைக்காரர் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காலையில் வெள்ளையாக இருந்த அவருடைய சட்டை இப்போது நீலம். "உங்க ஆளை நீங்களே வெச்சுக்குங்க" என்றார். உன் மகன், "மாமா, நானும் இப்ப வெளிய போய்ட்டு வந்தவன். கடையோட அருமை நல்லாவே தெரிஞ்சிருச்சு. மாஸ்டருக்குக் கூட்டின மாதிரி..." என்று இழுத்தான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மாஸ்டராவது காப்பாற்றுவார் என்று திரும்பினால், "சேர்த்துக்குங்க முதலாளி. எம்பக்கத்துல நின்னு திட்டு வாங்க ஒரு ஆள் வேணும்ல" என்கிறார். சேர்த்துக்கொண்டேன், சம்பளத்தைக் கூட்டித்தான். ஆகையால் அக்கா, மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொள். போன் போட வேண்டாம். இஸ்திரிக்காரர்கள் இருவரும் நாளைக் காலை எதிர்க்கடைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.