கடிதத்தின் வாலில் ஒரு யந்திரம்

லோபாக் வட்டாரக் கடைவரிசையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கூட்டம் நிற்கிறது என்றால், மேலே பல் டாக்டர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடவுள் இருக்க வேண்டும். பல் டாக்டர் காலி செய்துகொண்டு போய் ஆறு மாதமாகிறது. ஆக, கடவுளேதான்.

கடவுளின் பெயர் சசிதரன். போன தீபாவளி வரை அதே மாடியில் உடைந்த ஹென்போனுக்கு, அதாவது கைபேசிக்கு, கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தவர். இப்போது 'மின்னஞ்சல் சித்தர்'. காலம் மாறும்போது சித்தர்களும் மாறத்தானே வேண்டும்? குகைக்குள் வைஃபை கிடைக்காதே.

ஈமெயில் எழுதினால் அடியில் பேரும் போன் நம்பரும் போடுகிறோம் அல்லவா, அந்த இடத்தில் சித்தர் தரும் யந்திரப் படத்தைச் சேர்க்க வேண்டும். எட்டு இதழ்த் தாமரை, நடுவே ஒரு பச்சைக் கண். கட்டணம் நூற்று ஐம்பத்தொரு வெள்ளி. போட்டால் மனு பலிக்குமாம்; அதிகாரி கடிதத்தைத் திறந்த நிமிடமே சித்தரின் ஞானதிருஷ்டிக்குத் தெரிந்துவிடுமாம். "நேத்துப் பதினொன்னு பத்துக்கு ஒரு தடவ திறந்தாங்க, மூணேகாலுக்கு இன்னொரு தடவ" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்.

லாரி ஓட்டும் சன்னாசிக்கும் அப்படித்தான் சொன்னார். சன்னாசி தான் மனு அனுப்பிய ஆபீசுக்கே போன் போட்டு விசாரித்தார். ஆமாம், பதினொரு மணி வாக்கில்தான் பார்த்தோம் என்றார்கள். போதாதா? பக்கத்து ஊர்களான மம்பாவிலிருந்தும் தெமியாங்கிலிருந்தும் சனம் அள்ளிக்கொண்டு வந்தது. புது மோட்டார் வாங்கினால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோமே, அதுபோல லேப்டாப்புக்கு அடியிலும் வைத்து நசுக்கினார்கள். சாறு இறங்கி இரண்டு லேப்டாப் செத்துப்போயின. கண்ணேறு என்றார் சித்தர். அதற்குத் தனிப் பரிகாரம், தனிக் கட்டணம்.

திருச்செல்வமும் அந்தப் படிக்கட்டில் நின்றார். மம்பாவுக்கு அப்பால் எண்ணெய்க்குப் பயிரிடும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. தோட்டத்தில் யார் வீட்டு மனுவாக இருந்தாலும் தட்டச்சு செய்துகொடுப்பவர் அவர்தான். ஊருக்கெல்லாம் மனு எழுதியவருக்கு, சொந்த வீட்டு மனு என்றதும் தன் எழுத்தில் நம்பிக்கை போய்விட்டது. மகள் புனிதா நன்றாகப் படித்தவள், நல்ல மதிப்பெண். இருந்தும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேசன் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. மேல்முறையீடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஐந்து தாண்டினால் கதவு மூடிவிடும். மறுவாய்ப்பு என்ற பேச்சே கிடையாது.

புதன்கிழமை சித்தர் படத்தைக் கொடுத்துவிட்டு விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"பொண்ணுக்கு வெள்ளிக்கிழம வரைக்கும் சந்திராஷ்டமம். செவ்வாய்க்கிழம அர்ச்சன பண்ணிட்டு அனுப்புங்க கிராணி."

"சாமி, வெள்ளிக்கிழமதான் கடைசி நாளு..."

"கடைசி நாளு மனுசன் போட்டது. யந்திரம் போனா பூட்டுன கதவும் திறக்கும்லா."

திருச்செல்வம் கும்பிட்டுவிட்டு வந்தார். வீட்டில் குமுதவல்லி கும்பிடவில்லை. எண்ணெய் ஆலை எடைமேடையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருக்கும் மனைவி அவர். பழக்குலைக்கு அடியில் கல்லைப் போட்டு எடை ஏற்றும் லாரிகளை எத்தனையோ பார்த்தவர். லாரியைச் சுற்றிப் பார்க்காமல் சீட்டு எழுத மாட்டார்.

"செவ்வாய்க்கிழமையா? ஏங்க, புத்தி பிசகிப் போச்சா உங்களுக்கு? பிள்ளையோட படிப்புங்க!"

"பின்ன அவரு நேரத்த எப்படிக் கரெக்டா சொல்றாரு? அதுக்குப் பதில் சொல்லு பார்ப்போம்!"

குமுதவல்லிக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசும் பழக்கமும் அவருக்கு இல்லை. "சரி, அந்தப் படத்தப் போட்டு என் ஆபீசுக்கு ஒரு லெட்டர் அனுப்புங்க" என்றார்.

வியாழன் காலை எடைமேடைக் கணினியில் கடிதம் வந்திருந்தது. எழுத்தெல்லாம் இருந்தது. தாமரையும் கண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். ஆலைக் கணினி வெளியிலிருந்து படம் எதையும் உள்ளே விடாது. குமுதவல்லி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து வந்திருக்கிறது, படம் வரவில்லை. அப்படியானால் படம் கடிதத்தோடு ஏறி வரவே இல்லை. வேறெங்கோ கிடக்கிறது. எங்கே?

நான்கு முறை கடிதத்தைத் திறந்து மூடினார். பிறகு கணவரிடம் சொல்லிச் சித்தரிடம் போனில் கேட்க வைத்தார்.

"இன்னும் யாரும் திறக்கல கிராணி" என்றது ஞானதிருஷ்டி.

நான்கு முறை திறந்தாயிற்று என்பது திருச்செல்வத்துக்குத் தெரியும். ஆனாலும் நம்பிக்கை லேசில் சாகுமா? "ஆலையில ஏதோ தோஷமா இருக்கும்" என்று முனகினார்.

"தோஷந்தானே? நாளைக்கு எல்லார் முன்னாலயும் கழிச்சிருவோம். அதுலயும் சாமி ஜெயிச்சா செவ்வாய்க்கிழம அனுப்புங்க, நான் வாயத் திறக்கல. தோத்தா அங்கயே, அப்பவே அனுப்பணும்" என்றார் குமுதவல்லி.

வெள்ளிக்கிழமை மூன்றரை. சித்தரின் மாடியில் மூச்சுவிட இடமில்லை. திருச்செல்வம் தன் போனில் யந்திரத்தோடு ஒரு கடிதம் அனுப்பினார். "பெரிய அதிகாரிக்குப் போயிருக்கு சாமி" என்றார் குமுதவல்லி, வெகு பவ்வியமாக. சித்தர் காவிச் சால்வையை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்து தியானத்தில் ஆழ்ந்தார்.

பத்து நிமிடம். சால்வைக்குள் ஏதோ 'டிங்' என்றது.

"திறந்துட்டாரு! மூணு நாப்பத்தி ரெண்டு!" சித்தர் கையை உயர்த்தினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "பெரிய மேசை... குளு குளு ரூம்பு... பொண்ணு பேரைப் படிக்கிறாரு... ஆகா, கண்ணு கலங்கிருச்சு!"

"கலங்குனது நெசந்தான் சாமி" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முபாரக், ஒரு கையில் போன், மறு கையில் கத்தியோடு நின்றார். "வெங்காயம் அரிஞ்சிக்கிட்டிருந்தேன். கிராணியோட லெட்டரு எனக்குத்தான் வந்துச்சு. குளு குளு ரூம்பா? அடுப்படியில வந்து நின்னு பாருங்க!"

கூட்டம் முபாரக்கின் பக்கம் திரும்பியது. குமுதவல்லி எட்டிச் சால்வையை இழுத்தார். மடியில் ஒரு ஹென்போன். அதில் வரிசையாகப் பேர்கள், பக்கத்தில் மணி. கடைசி வரி: திருச்செல்வம், 3.42.

"படம் உங்க லெட்டர்ல இல்லங்க. இந்தாளோட கம்ப்யூட்டரு பெட்டியில இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் படம். லெட்டரத் திறந்தா அது இங்க வந்து படத்தக் கேக்கும், கேட்டதும் மணி அடிக்கும். மாட்டுக்கு மணி கட்டுறோம்ல, அதுபோலத்தான். என் ஆபீசு கம்ப்யூட்டரு படத்தக் கேக்கல, சாமிக்கும் ஒன்னும் தெரியல."

"அப்ப மணி சரியாத்தானே சொன்னாரு?" சன்னாசிக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

"மணி சரிண்ணே. திறந்தது அதிகாரியா பாயான்னு தெரிஞ்சிச்சா?"

சித்தர் வாயைத் திறந்தார். கேட்கத்தான் யாரும் இல்லை. ஆளாளுக்கு எலுமிச்சம்பழத்துக்கும் லேப்டாப்புக்கும் நியாயம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

திருச்செல்வம் நியாயம் கேட்க நிற்கவில்லை. மணி நான்கு! படிகளில் உருண்டு விழாத குறையாக இறங்கி முபாரக் கடை மேசையில் உட்கார்ந்தார். மதிப்பெண் பட்டியலைச் சேர்த்தார். தாமரையை அழித்தார். விரல் மாற்றி மாற்றித் தட்டியது. "பாவி நான், என் பிள்ளை படிப்ப நானே கெடுக்கப் பார்த்தேனே" என்று வாய்விட்டுச் சொன்னார். குமுதவல்லி பக்கத்தில் நின்று ஒரு வரி விடாமல் சரிபார்த்தார். நான்கு நாற்பத்தொன்றுக்குக் கடிதம் போனது. அடியில் பேரும் போன் நம்பரும் மட்டும்தான்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. புனிதாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதார் திருச்செல்வம்.

அன்று மாலையே சன்னாசி பலகாரத்தோடு வந்தார். உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"இருந்தாலும் கிராணி, அந்தப் படத்த காசு குடுத்து வாங்கி உங்க போன்ல வச்சிருந்தீங்கல்ல? சும்மா வச்சிருந்ததுக்கே எவ்ளோ பவரு பாத்தீங்களா!"

தேநீர் கொண்டுவந்த குமுதவல்லி குவளையை அவர் முன்னால் வைத்தார்.

"அண்ணே, எம்பிள்ளை ரெண்டு வருசம் கண்ணு முழிச்சுப் படிச்சா. அது உங்களுக்குப் பவராத் தெரியல. ஒரே ஒரு தடவ உங்க மூளையத் திறந்து பாருங்க. எத்தன மணிக்குத் திறந்துச்சுன்னு சொல்றதுக்கு எந்தச் சாமியும் வேணாம், உங்களுக்கே தெரியும்."