அன்று மட்டும் நீண்ட சங்கிலி

இப்போதெல்லாம் எவனுக்கும் தோற்கத் தெரியவில்லை. சீட்டாட்டத்தில் தோற்றவன்கூட மேசை சாய்ந்திருந்தது என்கிறான். இது ஹார்லன் ஸ்டக்கியின் கருத்து. எட்டாம் வகுப்போடு நின்றவர், வேறெப்படிப் பேசுவார்? படித்தவர்கள் கண்ட உண்மை வேறு. மனித குலத்தின் தலையாய கடமை, பழைய கால்பந்தாட்டங்களில் நடுவர்கள் செய்த பிழையைத் திருத்துவதே. அதற்காகவே அலபாமாவின் மார்வின்டேல் கல்லூரி ‘வரலாற்று நீதிக் குழு’ அமைத்து முப்பத்தொரு முறை கூடியது. வேதியியல் கூடத்தின் கூரை ஒழுகியது. அது காத்திருக்கலாம்.

வழக்கு, 1971-இன் கடைசி ஆட்டம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் கால்பந்து இது. நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். முன்னேறினார்களா என்று ஓரத்தில் நிற்பவர்கள் பத்து கஜச் சங்கிலியைப் பிடித்து அளப்பார்கள். அன்று நடுவர் ‘இரண்டு அங்குலம் குறைவு’ என்றார். மார்வின்டேல் தோற்றது. சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் ஹார்லன். அவர்தான் சங்கிலியை இழுத்துக் கெடுத்தார் என்று, அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் அவரைக் கண்டால் இரு கையாலும் இழுத்துக் காட்டுவார்கள். மனைவியின் சவ அடக்கத்தில்கூட ஒருத்தன் காட்டினான்.

இப்போது விளையாட்டரங்க வாசலில் வெண்கலப் பலகை வரப்போகிறது. ‘சங்கிலியை இழுத்தவர்: ஹார்லன் ஸ்டக்கி.’

குழுவின் முன் அவர் தோளில் சங்கிலியோடு வந்து நின்றார்.

“என்ன ஹார்லன் இது?” என்றார் தலைவர், முனைவர் லூடன்.

“அதே சங்கிலிதான். மறு வருஷம் நீங்க குப்பையில போட்டீங்க. எடுத்துட்டுப் போய் என் மாட்டுப்பட்டிக் கதவைக் கட்டி வெச்சிருந்தேன். அளங்க.”

“நாங்க ஆட்டத்தோட படத்தையே கணினியில போட்டு ஆராய்ஞ்சிருக்கோம்.”

“ஒரு அளவுநாடா போதும்யா.”

ஒன்பது அறிஞர்களும் மண்டியிட்டு அளந்தார்கள். பத்து கஜமும் ஒரு அடியும். நடுவில் தடித்த நாலு கண்ணிகள்.

“அறுந்துபோனதை உங்க பட்டறைதான் ஒட்டுச்சு, அந்த சீசன் ஆரம்பத்துல, கையில கெடச்ச லாரிச் சங்கிலியை வெச்சு. நான் இழுக்கல.”

“அப்போ பந்து போய்ச் சேர்ந்திருக்கு! நாம ஜெயிச்சிருக்கோம்!” செயலர் மார்லீன் ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

“இரும்மா. அந்த வருஷம் இங்க நடந்த மத்த அஞ்சு ஆட்டத்துக்கும் இதே சங்கிலிதான். கேனன் ஃபோர்க் பசங்களக் கடைசி நிமிஷத்துல அரை அடி குறைவுன்னு நிறுத்தி ஜெயிச்சோமே? அதுக்குத்தானே நம்ம பயிற்சியாளருக்கு வாசல்ல சிலை?”

யாரோ வேகவைத்த கடலையை உரிப்பதை நிறுத்தினார்கள்.

குழு பதினோரு நிமிடம் தனியே கூடியது. பிறகு லூடன் எழுந்து நின்று வாசித்தார்: “சங்கிலி அன்று பிற்பகல் மட்டும் ஓர் அடி நீண்டிருந்தது. ஏனைய ஐந்து ஆட்டங்களிலும் சரியான அளவில் இருந்தது. ஒருமனதாக நிறைவேறியது.”

“அதெப்படிய்யா? இரும்பு தானா நீளுமா?”

“தானா நீளாது. யாராவது இழுத்தாத்தான் நீளும்,” என்றார் லூடன் கனிவோடு. “உங்க கைபலத்தையும் பலகையில பாராட்டிச் சேர்த்திருக்கோம்.”

ஹார்லன் குனிந்து சங்கிலியைச் சுருட்டினார்.

“அந்த நடுவருக்கு இதோட நீளம் தெரியாது, பாவம்,” என்றார். “உங்களுக்குத் தெரியும்.”

சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, சிலையை நிமிர்ந்தும் பாராமல் அதைக் கடந்து நடந்தார். வீட்டில், கட்டச் சங்கிலி இல்லாமல் மாட்டுப்பட்டிக் கதவு திறந்தே கிடந்தது.